கொமுல்காவைப் புரிந்துகொள்ள ஓடர் ஆற்றைப் பாருங்கள்

1956 அக்டோபர் 24. வார்சாவின் நடுவே, ஸ்டாலின் கொடுத்த பரிசாகக் கட்டப்பட்ட கலாசார மாளிகைக்கு முன்னால் இருந்த பெரிய திடலில் லட்சக்கணக்கானவர்கள் கூடினார்கள். மேடையில் நின்றவர் வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக இருந்த ஐம்பது வயதுக்காரர், பேச்சில் அலங்காரமே கிடையாது. ஆனாலும் அவர் வாயைத் திறந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒரு கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளரை மக்கள் மனதாரக் கொண்டாடிய காட்சி அந்தக் காலத்துக் கிழக்கு ஐரோப்பாவில் அபூர்வம். அவர் பெயர் விளாதிஸ்லாவ் கொமுல்கா.

பதினான்கு வருடம் கழித்து இதே மனிதர் கப்பல் கட்டும் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்த அனுமதி கொடுத்தார். அதோடு அவருடைய ஆட்சியும் முடிந்தது.

இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துச் சொல்லும்போது பொதுவாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். நல்ல தேசபக்தர், அதிகாரம் கெடுத்துவிட்டது என்பது ஒன்று. அவர் எப்போதுமே ஸ்டாலினிஸ்ட்தான், 1956-ல் மக்கள் ஏமாந்துபோனார்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே எனக்குத் திருப்தி தரவில்லை. என் வாசிப்பில் கொமுல்கா பெரிதாக மாறவே இல்லை. அவருடைய அரசியலின் அடியில் 1945-லிருந்து ஒரே ஒரு பயம் இருந்தது: போலந்தின் மேற்கு எல்லை நிலைக்குமா? ஓடர், நெய்சே என்ற இரண்டு ஆறுகளை ஒட்டி வரையப்பட்ட அந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையைப் படித்தால், முரண்பாடாகத் தெரிகிற பல விஷயங்கள் ஒன்றோடொன்று பொருந்திப் போகின்றன. பொருந்துகிறது என்பதால் நியாயமாகிவிடாது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பிறந்தது 1905 பிப்ரவரி 6, குரோஸ்னோ என்ற சிறு நகரத்தின் ஓரத்தில். அப்போது போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டுக்கொண்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. குரோஸ்னோ ஆஸ்திரியாவின் பங்கில் இருந்த கலீசியாவைச் சேர்ந்தது. ஏழை மண், ஆனால் பூமிக்கு அடியில் எண்ணெய் இருந்தது. பெற்றோர் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள். பையன் பள்ளிப் படிப்பைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு ஃபிட்டர் வேலை பழகினான், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் வேலை பார்த்தான், தொழிற்சங்கத்துக்கு வந்தான். 1926-ல் தடைசெய்யப்பட்டிருந்த போலந்து கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கட்சித் தலைமையில் படித்தவர்கள் நிறைய இருந்தார்கள். இவர் நிஜமாகவே ஆலையிலிருந்து வந்தவர். அந்தப் பெருமையும், படித்தவர்கள்மீதான சந்தேகமும் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

1932-ல் லோட்ஸ் நகரத்தில் நெசவாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை ஒருங்கிணைக்கப் போன இடத்தில் போலீஸ் அவரைக் காலில் சுட்டது. அந்த நொண்டல் வாழ்நாள் முழுக்க இருந்தது. நாலு வருடத் தண்டனை கிடைத்தது, உடல்நிலை காரணமாக இடையில் வெளியே வந்தார், மாஸ்கோவின் லெனின் பள்ளிக்குப் போய்ப் படித்துத் திரும்பினார், 1936-ல் மறுபடி கைதானார். இந்த முறை ஏழு வருடம்.

அந்தச் சிறைதான் அவரைப் பிழைக்க வைத்தது. 1937, 38-ல் மாஸ்கோவில் இருந்த போலந்து கம்யூனிஸ்ட் தலைவர்களை ஸ்டாலினின் போலீஸ் ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துக் கொன்றது. பல வருடம் கட்சியை நடத்திய அடோல்ஃப் வார்ஸ்கி, மரியா கொஷுட்ஸ்கா, யூலியன் லென்ஸ்கி எல்லோரும் அதில் போனார்கள். 1938-ல் கட்சியே உளவாளிகளின் கூடாரம் என்று சொல்லிக் கலைக்கப்பட்டது. கொமுல்கா அப்போது போலந்தின் சிறையில் கம்பி எண்ணிக்கொண்டிருந்தார். வெளியே இருந்து மாஸ்கோவுக்குக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பார், போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டார். இது அவருக்கு நன்றாகவே தெரியும்.

1939-ல் போர் வந்து சிறைக் கதவுகள் திறந்தன. சோவியத் வசமான லுவோவ் நகரத்தில் கொஞ்ச காலம் இருந்தார். 1941-ல் ஜெர்மானியர்கள் அங்கேயும் வந்தபோது குரோஸ்னோவுக்குத் திரும்பி, 1942-ல் வார்சாவுக்கு வந்து, புதிதாகத் தொடங்கப்பட்ட போலந்து தொழிலாளர் கட்சியில் தலைமறைவாக வேலை செய்தார். அங்கே அவர் பெயர் ‘வியெஸ்வாவ்’. அந்தக் கட்சியின் முதல் வரிசைத் தலைவர்கள் சோவியத் யூனியனிலிருந்து பாராசூட்டில் இறக்கப்பட்டவர்கள். 1942 நவம்பரில் மார்செலி நொவோட்கோ சுடப்பட்டு இறந்தார். அவரைக் கொன்றது சக தலைவர் மோவோயெட்ஸ்தான் என்று சந்தேகப்பட்டு, கட்சியே மோவோயெட்ஸைக் கொன்றது. அடுத்து வந்த பாவெல் ஃபிண்டர் 1943 நவம்பரில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போவிடம் மாட்டினார். அவரோடு மாஸ்கோவுடனான வானொலித் தொடர்பும் அறுந்தது. அந்த இருட்டில், மாஸ்கோவைக் கேட்காமல், கேட்கவும் வழி இல்லாமல், வார்சாவில் மிஞ்சியிருந்தவர்கள் கொமுல்காவைத் தலைவராக்கினார்கள். மாஸ்கோ நியமிக்காத தலைவர் என்ற இந்த ஒரு விஷயத்தை ஸ்டாலின் ஆட்கள் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை.

சரி, 1945-க்கு வருவோம். மற்ற எல்லாவற்றையும் விட இந்த வருடம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

போர் முடிந்தபோது போலந்து அப்படியே மேற்கே நகர்த்தப்பட்டது. கிழக்கே வில்னா, லுவோவ் நகரங்களோடு சுமார் 1,80,000 சதுர கிலோமீட்டர் சோவியத் யூனியனுக்குப் போனது. அதற்கு ஈடாக மேற்கிலும் வடக்கிலும் ஜெர்மனியிடமிருந்து சுமார் 1,00,000 சதுர கிலோமீட்டர் கிடைத்தது. பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம் வ்ரோட்ஸ்வாவ் ஆனது, ஸ்டெட்டின் ஷ்செச்சின் ஆனது. அங்கே இருந்த லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட போலந்துக்காரர்களும், நடுப் போலந்தின் இடிந்த ஊர்களிலிருந்து வந்தவர்களும் அந்த வீடுகளில் குடியேறினார்கள். இந்தப் பகுதிகளுக்கென்றே ஒரு தனி அமைச்சகம் உருவாக்கப்பட்டது. அதன் அமைச்சர் கொமுல்கா, துணைப் பிரதமரும் அவரே.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. போட்ஸ்டாம் மாநாட்டில் வல்லரசுகள் இந்த நிலத்தைப் போலந்தின் நிர்வாகத்தில் விட்டார்களே தவிர, இறுதி எல்லையைப் பிற்காலத்துச் சமாதான ஒப்பந்தம் தீர்மானிக்கும் என்று ஒத்திப்போட்டுவிட்டார்கள். அந்த ஒப்பந்தம் வரவே இல்லை. கிழக்கு ஜெர்மனி 1950-ல் எல்லையை ஏற்றுக்கொண்டது. மேற்கு ஜெர்மனி ஏற்கவில்லை. அங்கே அச்சான வரைபடங்களில் 1937-ன் ஜெர்மன் எல்லை தொடர்ந்து இடம்பெற்றது, அந்த நிலங்களிலிருந்து வந்த அகதிகளின் சங்கங்கள் பெரிய ஓட்டு வங்கியாகவும் இருந்தன. போலந்தின் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குப் பட்டா இல்லாத நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டாவுக்கு ஜாமீன் நின்ற ஒரே வல்லரசு சோவியத் யூனியன். போரில் ஏறக்குறைய அறுபது லட்சம் குடிமக்களைப் பறிகொடுத்த நாடு போலந்து. அவர்களில் பாதிப் பேர் யூதர்கள். ஜெர்மனி மறுபடி வரும் என்ற பயத்தைக் கட்சி ஊதிப் பெருக்கியது உண்மை, ஆனால் அந்தப் பயத்தைக் கட்சி உருவாக்கவில்லை.

அதே வருடங்களில் கொமுல்கா ஜனநாயகத்தைக் குழிதோண்டிப் புதைத்தார் என்பதையும் மறைக்கக்கூடாது. பிடித்த அதிகாரத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று 1945-லேயே எதிர்த்தரப்பின் முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். 1946-ன் பொதுவாக்கெடுப்பும் 1947 ஜனவரித் தேர்தலும் மோசடி. எதிர்க்கட்சித் தலைவர் மிகோவாய்ச்சிக்கின் விவசாயிகள் கட்சி நசுக்கப்பட்டது, போரில் ஜெர்மானியர்களை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடிய உள்நாட்டுப் படையின் வீரர்கள் சிறைக்கும் தூக்குக்கும் போனார்கள். கொமுல்கா அந்த அரசின் முக்கியத் தூண்.

ஆனால் ஒரு இடத்தில் அவர் நின்றுகொண்டார். நிலத்தை விவசாயிகளிடமிருந்து பிடுங்கிக் கூட்டுப்பண்ணை ஆக்குவது போலந்துக்கு ஒத்துவராது என்றார். 1947 செப்டம்பரில் ஐரோப்பியக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் புதிய கூட்டமைப்பு அவர் நாட்டிலேயே, ஷ்கிளார்ஸ்கா பொரெம்பா என்ற மலை ஊரில் தொடங்கப்பட்டபோதும் தயங்கினார். 1948-ல் ஸ்டாலின் யூகோஸ்லாவியாவின் டிட்டோவோடு முறித்துக்கொண்டார். அதன் பிறகு ‘தேசிய வழி’ பேசுகிற எந்தத் தலைவருக்கும் இடம் இல்லை. ‘வலதுசாரி தேசியவாத விலகல்’ என்ற குற்றச்சாட்டோடு கொமுல்கா பொதுச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அந்த இடத்துக்கு பொலெஸ்வாவ் பியெரூட் வந்தார்.

இந்த இடத்தில் ஒரு கடிதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 1948 டிசம்பரில் ஸ்டாலின் அவரை மறுபடி அரசியல் குழுவுக்குள் வரச் சொன்னபோது, மறுத்து எழுதிய கடிதத்தில் தலைமையில் யூதத் தோழர்கள் அளவுக்கு அதிகமாக இருக்கிறார்கள் என்று கொமுல்கா குறை சொன்னார். அவருடைய மனைவி ஜோஃபியா யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அவரும் பழைய கட்சிக்காரர். அப்படியிருந்தும் அந்த வரிகளை எழுதினார். 1968-ஐப் பார்க்கும்போது இந்தக் கடிதம் நினைவில் இருக்கவேண்டும்.

1949-ல் மத்தியக் குழுவிலிருந்து நீக்கம். 1951 ஆகஸ்டில் கிரினிட்சா என்ற மலை வாசஸ்தலத்தில் ஓய்வில் இருந்தவரை, ரகசியப் போலீஸ் அதிகாரி யூசெஃப் ஸ்வியாத்வோ வந்து கைது செய்தார். வார்சாவுக்கு வெளியே மியெட்ஸெஷின் பகுதியில் ஒரு பங்களாவில் அடைத்தார்கள். ஹங்கேரியில் ராய்க்கையும், பல்கேரியாவில் கோஸ்தோவையும், செக்கோஸ்லோவாக்கியாவில் ஸ்லான்ஸ்கியையும் நாடக விசாரணை நடத்தித் தூக்கில் போட்ட காலம் அது. போலந்தில் அப்படி நடக்கவில்லை. பியெரூட் இழுத்தடித்தார் என்பார்கள். கொமுல்கா எதையும் ஒப்புக்கொள்ளாமல் விசாரித்தவர்களிடமே திருப்பிச் சண்டை போட்டார் என்பதும் ஒரு காரணம். அதற்குள் 1953-ல் ஸ்டாலின் இறந்துபோனார். அந்த வருடக் கடைசியில் ஸ்வியாத்வோவே மேற்கு பெர்லினில் அமெரிக்கர்களிடம் ஓடிப்போய், அடுத்த வருடம் போலந்தின் ரகசியச் சிறைகளைப் பற்றி மேற்கத்திய வானொலியில் வாரக்கணக்கில் பேசத் தொடங்கினார். நாடே ரேடியோவில் காதை வைத்துக் கேட்டது. 1954 டிசம்பரில் கொமுல்காவை விடுவித்தார்கள். அவரைப் பிடித்த ஆளே, தெரியாமல், அவர் வெளியே வரவும் வழி செய்தார்.

1956 மார்ச்சில் பியெரூட் மாஸ்கோவில் இறந்தார், சோவியத் தலைவர் குருஷேவ் ஸ்டாலினைத் தோலுரித்த கட்சி மாநாடு முடிந்த கையோடு. ஜூன் 28 அன்று பொஸ்னானில் ஸ்டாலின் பெயரில் இருந்த பெரிய இயந்திர ஆலையின் தொழிலாளர்கள் கூலிக்காகத் தெருவில் இறங்கினார்கள். டாங்கிகள் வந்தன, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தொழிலாளர்களின் அரசு தொழிலாளர்களைச் சுட்டது. அதற்குப் பிறகு கட்சிக்குள்ளேயே பழையபடி தொடரமுடியாது என்று ஆகிவிட்டது. சிறையில் இருந்தவர், ரஷ்யர்களுக்கு வளையாதவர், அந்த வருடங்களின் ரத்தத்தில் பங்கு இல்லாதவர் என்று ஒரே ஒருவர்தான் கண்ணுக்குத் தெரிந்தார்.

அக்டோபர் 19 காலை மத்தியக் குழு கூடும்போது, குருஷேவ், மொலோடோவ், ககனோவிச், மிக்கோயான் நாலு பேரும் அழைப்பே இல்லாமல் வார்சாவில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்திலேயே குருஷேவ் முஷ்டியை ஆட்டிச் சத்தம் போட்டார். போலந்தில் இருந்த சோவியத் படைகள் அதற்குள் வார்சாவை நோக்கி நகரத் தொடங்கியிருந்தன. போலந்தின் பாதுகாப்பு அமைச்சரே ரொக்கொசோவ்ஸ்கி என்ற சோவியத் மார்ஷல். இந்தப் பக்கம் ஷெரான் கார் ஆலைத் தொழிலாளர்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள், உள்நாட்டுப் பாதுகாப்புப் படையின் சில பிரிவுகள் நகரத்தைக் காக்கத் தயாராகின. அன்று பெல்வெடர் மாளிகையில் நடந்த பேச்சுவார்த்தை ஐரோப்பாவின் அந்தப் பத்தாண்டின் மிக ஆபத்தான உரையாடல்களில் ஒன்று.

அங்கே கொமுல்கா என்ன சொன்னார் என்பதைக் குருஷேவே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். உங்களுக்குப் போலந்து தேவைப்படுவதைவிட எங்களுக்கு சோவியத் நட்பு அதிகம் தேவை, நீங்கள் இல்லாமல் எங்கள் மேற்கு எல்லையைக் காப்பாற்ற முடியாது, இது எங்களுக்குத் தெரியாதா என்பதே அவர் பேசியதன் சாரம். குருஷேவ் நம்பினார். படைகள் நின்றன. இது சாமர்த்தியத்துக்குப் பேசிய பேச்சு என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் தன் மனதில் இருந்ததை அப்படியே சொன்னார், உண்மையாக இருந்ததால்தான் அது எடுபட்டது.

ஐந்து நாள் கழித்துத் திடலில் பேசும்போதும் அதையேதான் சொன்னார். ஜெர்மனியில் சோவியத் படை இருப்பது நம் நாட்டின் நலனுக்கே என்றார். கூட்டங்கள் போதும், வேலைக்குத் திரும்புங்கள் என்று முடித்தார். கைதட்டிய கூட்டம் இந்தப் பகுதியைச் சரியாகக் காதில் வாங்கிக்கொண்டதா என்பது எனக்குச் சந்தேகம். மக்கள் கேட்டது விடுதலை. அவர் கொடுக்க நினைத்தது ஒழுங்கான, சொந்தக் காலில் நிற்கிற, சோவியத் கூட்டணிக்குள்ளேயே இருக்கிற கம்யூனிஸ்ட் ஆட்சி. வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று வருடம் ஆனது.

அன்றைக்கு ஹங்கேரியின் தலைநகர் பூடபெஸ்ட் பற்றி எரிந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் மாணவர்கள் பெம் சிலைக்கு ஊர்வலம் போனதே போலந்துக்கு ஆதரவு சொல்லத்தான். 1848-ல் ஹங்கேரிக்காகப் போரிட்ட போலந்துத் தளபதி பெம். போலந்துக்காரர்கள் வரிசையில் நின்று ஹங்கேரிக்கு ரத்தம் கொடுத்தார்கள். நவம்பர் 4-ல் சோவியத் டாங்கிகள் அந்தப் புரட்சியை நசுக்கின. வார்சாவில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நம் ஆள் நம்மைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தார்கள். அதில் நியாயம் இருந்தது.

அந்த இலையுதிர்காலத்தின் பலன்கள் நிஜமானவை. போலந்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் கர்தினால் விஷின்ஸ்கி மூன்று வருடக் காவலிலிருந்து விடுதலையானார். ரொக்கொசோவ்ஸ்கி மூட்டைகட்டி மாஸ்கோ திரும்பினார். சுமார் 10,000 கூட்டுப்பண்ணைகளில் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே கலைந்தன. கடைசிவரை போலந்தின் விளைநிலத்தில் ஐந்தில் நாலு பங்கு தனி விவசாயிகள் கையிலேயே இருந்தது, சோவியத் முகாமில் வேறெந்த நாட்டிலும் இப்படி இல்லை. மாஸ்கோ அடிமாட்டு விலைக்கு வாங்கிய நிலக்கரிக்கு ஈடாகப் பழைய கடன்கள் தள்ளுபடியாயின. அந்த மக்களின் அன்றாட வாழ்க்கையில் இவை பெரிய மாற்றங்கள், கொமுல்காவுக்கு இதில் உரிய பங்கைக் கொடுத்தே ஆகவேண்டும்.

1957 ஜனவரியில் தேர்தல். ஓட்டுச்சீட்டில் இடங்களைவிட அதிகமான பெயர்கள் இருந்தன, வேண்டாதவர்களை அடிக்கலாம். கட்சி வேட்பாளர்களை அடித்தால் போலந்தை ஐரோப்பிய வரைபடத்திலிருந்து அடிப்பதாக அர்த்தம் என்று கொமுல்கா வானொலியில் எச்சரித்தார். மறுபடியும் வரைபடம். திருச்சபையும் ஓட்டுப்போடச் சொன்னது, மக்கள் போட்டார்கள். அதே வருடம் அக்டோபரில், 1956-ன் எழுச்சிக்குக் குரல் கொடுத்த ‘போ ப்ரோஸ்து’ என்ற வாரப் பத்திரிகையை மூடினார், எதிர்த்த மாணவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. முதல் ஆண்டு நிறைவுக்குள்ளேயே இவ்வளவும்.

அடுத்த எட்டு ஒன்பது வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அந்த வருடங்களின் குணம். கொமுல்கா சிக்கனக்காரர். மலிவான சிகரெட்டைப் பாதியாக வெட்டிக் குழலில் செருகிப் புகைப்பார், சொத்து சேர்க்கவில்லை, ஆடம்பரம் இல்லை. இந்தச் சிக்கனத்தை நாட்டின்மீதும் சுமத்தினார். அவர் காலத்தில் கட்டிய குடியிருப்புகளில் பலவற்றின் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது, சதுர அடியை மிச்சப்படுத்த. வெளிநாட்டுத் தானியத்துக்கு டாலர் செலவழிப்பது அவருக்கு வயிற்றெரிச்சல், அதனால் பன்றிக்குத் தீவனம் குறைந்தது, கடைகளில் இறைச்சி குறைந்தது. மேடையில் மணிக்கணக்காக டன் கணக்கும் சதவீதக் கணக்கும் வாசிப்பார். இன்னொரு பக்கம், ஆயிரத்துக்கு மேல் புதுப் பள்ளிக்கூடங்கள் அந்தக் காலத்தில் எழுந்தன. போருக்குப் பின் பிறந்த பெரும் தலைமுறை அங்கே படித்தது, அவர்களே பின்னால் அவரைக் கேள்வி கேட்கவும் செய்தார்கள். 1965-ல் யாட்செக் குரோன், கரோல் மொட்செலெவ்ஸ்கி என்ற இரண்டு இளம் மார்க்சியர்கள், இது தொழிலாளர் ஆட்சி இல்லை, அதிகாரிகளின் ஆட்சி என்று கட்சிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். இருவருக்கும் சிறை.

அதே 1965-ல் போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம் என்று சொன்னார்கள். ஐரோப்பாவின் போருக்குப் பிந்தைய வரலாற்றில் மிகத் துணிச்சலான வரிகளில் அது ஒன்று. கொமுல்காவுக்கு வந்த கோபம் சாதாரணமானது இல்லை. எல்லையையே இன்னும் ஏற்காதவர்களிடம் போய் எதற்கு மன்னிப்பு என்பது அவர் வாதம். அடுத்த வருடம் போலந்து கிறிஸ்தவத்தைத் தழுவிய ஆயிரமாவது ஆண்டு விழாவுக்குப் போப் ஆறாம் பவுல் வர விரும்பினார். அவரை வரவிடவில்லை.

1968-க்கு எந்தச் சமாதானமும் கிடையாது. முந்தைய வருட ஆறு நாள் போரில் இஸ்ரேல் ஜெயித்தபோது, போலந்து யூதர்கள் சிலர் மகிழ்ந்ததைக் குறிப்பிட்டு, நாட்டுக்குள் ஐந்தாம் படை, அதாவது எதிரிக்கு உதவுகிற உள்ளாட்கள், வேண்டாம் என்று கொமுல்கா பேசியிருந்தார். உள்துறை அமைச்சர் மொச்சார் காத்திருந்தது இதற்காகவே. 1968 ஜனவரியில், போலந்தின் மகாகவி மிட்ஸ்கியெவிச்சின் ‘ஜியாடி’ நாடகம் தேசிய அரங்கில் தடைசெய்யப்பட்டது. ஜாரின் ரஷ்யாவைக் குறித்த வசனங்களுக்கு அரங்கம் அளவுக்கு மீறிக் கைதட்டியதே காரணம். எதிர்த்த மாணவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். மார்ச் 8 அன்று வார்சா பல்கலைக்கழக வளாகத்தில் கூடியவர்களை அடித்து விரட்டினார்கள். பிறகு பத்திரிகைகள் மாணவர் தலைவர்களின் யூதப் பெயர்களைப் பட்டியல் போட ஆரம்பித்தன. மார்ச் 19-ல் கொமுல்கா பேசினார். போலந்து யூதர்களை யார் எதற்கு விசுவாசம் என்று மூன்று வகையாகப் பிரித்தார், இஸ்ரேலைத் தாய்நாடாக நினைப்பவர்களுக்குப் பாஸ்போர்ட் தரத் தயார் என்றார். அரங்கத்தில் இருந்த கட்சிக்காரர்கள் இன்னும் துணிந்து பேசு என்று கத்தினார்கள்.

யூதர்கள் பலருக்கு வேலை போனது, பல்கலைக்கழக இடம் போனது. ஜிக்முன்ட் பவுமன், லெஷெக் கொலகோவ்ஸ்கி போன்றவர்கள் பேராசிரியர் பதவியிலிருந்து தூக்கப்பட்டார்கள். போருக்கு முன் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்த நாட்டில் மிஞ்சியிருந்த சிறு கூட்டத்தில் 13,000 பேருக்குக் குறையாமல் அடுத்த சில வருடங்களில் கிளம்பினார்கள். குடியுரிமையை விட்டுக்கொடுத்த பிறகே அவர்களால் வார்சா கிடான்ஸ்கா ரயில் நிலையத்தில் வண்டி ஏற முடிந்தது. கையில் இருந்த தாளில், இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல என்று எழுதியிருந்தது. மொச்சார் தன்னை மிஞ்சிவிடுவார் என்ற பயத்தில் கொமுல்கா ஒத்துப்போனார் என்று வாதிடுவார்கள். 1948 கடிதத்தைப் படித்தவர்கள் அப்படி எளிதாக விட்டுவிட முடியாது. பிரச்சாரத்தைக் கோடையில் அவர் அடக்கினார் என்பது உண்மை. அதற்குள் நடந்ததெல்லாம் நடந்துவிட்டது.

அதே வருடம் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராக். அந்த நாட்டுக் கட்சித் தலைவர் துப்செக்கின் சீர்திருத்தத்தைக் கண்டித்து முதலில் குரல் உயர்த்தியவர்களில் கொமுல்கா ஒருவர், மார்ச்சில் டிரெஸ்டனில் நடந்த கூட்டத்திலேயே. 1956-ல் தனக்குக் கிடைத்த வாய்ப்பை ஏன் துப்செக்குக்கு மறுத்தார்? செக்கோஸ்லோவாக்கியா மேற்கு ஜெர்மனியோடு தனியாக உறவு வைத்துக்கொண்டால், எல்லைப் பிரச்சினையில் போலந்து தனித்துவிடப்படும் என்ற கணக்கு அதில் பெரிய பங்கு. ஆகஸ்டில் சோவியத் படைகளோடு போலந்துப் படைகளும் எல்லை தாண்டி செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போயின. செப்டம்பர் 8 அன்று, வார்சாவின் பெரிய ஸ்டேடியத்தில் அறுவடைத் திருவிழாவில் கொமுல்காவும் லட்சம் பேரும் இருக்கும்போது, ரிஷார்ட் சிவியெட்ஸ் என்பவர் இந்தப் படையெடுப்பை எதிர்த்துத் தனக்குத் தீ வைத்துக்கொண்டார். நாலு நாளில் இறந்தார். பத்திரிகைகளில் ஒரு வரி வரவில்லை.

அப்புறம் 1970. இருபத்தைந்து வருடமாக அவர் காத்திருந்தது நடந்தது. மேற்கு ஜெர்மனியில் வில்லி பிராண்ட் ஆட்சிக்கு வந்திருந்தார். டிசம்பர் 7 அன்று பிராண்ட் வார்சாவுக்கு வந்து, ஓடர்-நெய்சே எல்லையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அன்று, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவின் நினைவுச்சின்னத்தின் முன் அவர் மண்டியிட்ட படத்தை உலகம் அறியும். கொமுல்காவைப் பொறுத்தவரை வாழ்நாள் வேலை முடிந்தது. இந்த வெற்றியின் சூட்டில் மக்கள் எதையும் தாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, டிசம்பர் 12 சனிக்கிழமை மாலை, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, உணவு விலையேற்றம் வானொலியில் அறிவிக்கப்பட்டது. இறைச்சி சுமார் 17 சதவீதம் ஏறியது. டிவி, ரேடியோ போன்றவற்றின் விலையைக் குறைத்திருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார்கள். பண்டிகைக்கு இறைச்சி வாங்க வழி பார்க்கிற தொழிலாளிக்கு டிவி விலை குறைந்து என்ன ஆகப்போகிறது!

திங்கட்கிழமை கிடான்ஸ்க் கப்பல் தளத்தில் வேலை நின்றது. செவ்வாய்க்கிழமை கட்சி அலுவலகம் எரிந்தது. அன்று காலை வார்சாவில் கூடிய சிறு கூட்டத்தில் கொமுல்கா ஆயுதத்தைப் பயன்படுத்த உத்தரவிட்டார். பிரதமர் சிரான்கியெவிச், பாதுகாப்பு அமைச்சர் யாருசெல்ஸ்கி, மொச்சார் எல்லோரும் இருந்தார்கள், ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. இது எதிர்ப்புரட்சி என்றே கொமுல்கா நம்பினார். தொழிலாளி தன் ஆட்சியை எதிர்த்து எழுவான் என்பது அவர் கணக்கில் இல்லவே இல்லை, எழுந்தால் அவன் பின்னால் எதிரி இருக்கவேண்டும். லோட்ஸில் காலில் குண்டு வாங்கியவருக்கு இது புரியாமல் போனதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

16-ஆம் தேதி மாலை துணைப் பிரதமர் கொச்சியோவெக் வேலைக்குத் திரும்பும்படி தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டார். அதை நம்பி 17 காலை கிடினியா கப்பல் தளத்துக்கு ரயிலில் வந்து இறங்கியவர்களை, தளத்தை மூடிக் காவல் நின்ற ராணுவம் சுட்டது. இறந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவனின் உடலைக் கதவு ஒன்றின்மேல் வைத்து நகரம் முழுக்கத் தூக்கிப்போனார்கள். அந்த வாரம் கடற்கரை நகரங்களில் மொத்தம் 45 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். பலரை ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்தார்கள். அரசியல் தீர்வு தேடுங்கள் என்று மாஸ்கோவே சொல்லவேண்டி வந்தது. டிசம்பர் 20 அன்று, உடல்நிலை குலைந்து மருத்துவமனையில் இருந்த கொமுல்காவின் இடத்துக்கு எட்வர்ட் கியெரெக் வந்தார். புது ஆட்சியும் விலையேற்றத்தை உடனே திரும்பப் பெறவில்லை. லோட்ஸ் நெசவாலைப் பெண்கள் 1971 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்த பிறகே அது ரத்தானது. கொமுல்கா குண்டடி பட்ட அதே லோட்ஸ், அதே நெசவாலைகள்.

பதவி போனபின் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தார். நினைவுகளை எழுதினார், தன் முடிவுகள் சரி என்றே வாதாடினார். 1980 ஆகஸ்டில் கிடான்ஸ்க் தளத்தில் மறுபடி வேலைநிறுத்தம் வெடித்தபோது, 1970-ல் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்பது முதல் கோரிக்கைகளில் ஒன்று. டிசம்பரில் மூன்று உயரமான சிலுவைகள் அங்கே எழுந்தன. 1982 செப்டம்பர் 1 அன்று, யாருசெல்ஸ்கியின் ராணுவச் சட்டத்தின் கீழ் நாடு இருந்தபோது, கொமுல்கா புற்றுநோயால் இறந்தார்.

அவருடைய பயம் வெறும் கட்சிப் பிரச்சாரம் என்று தள்ளிவிடுபவர்கள் 1990-ஐக் கவனிக்கவேண்டும். கம்யூனிஸ்ட் ஆட்சி போய், கத்தோலிக்க எதிர்க்கட்சிக்காரரான மசோவியெட்ஸ்கி பிரதமராக இருந்தார். ஜெர்மனி ஒன்றிணையப் போகிறது, எல்லையைப் பற்றி மேற்கு ஜெர்மனியின் தலைவர் ஹெல்முட் கோல் வாயைத் திறக்கத் தயங்குகிறார். அந்த பிப்ரவரியில் மசோவியெட்ஸ்கியே, ஜெர்மனி விஷயம் தீரும்வரை சோவியத் படைகள் போலந்தில் இருக்கட்டும் என்றார். கொமுல்கா திடலில் சொன்ன அதே காரணம், வேறு வாயிலிருந்து. வித்தியாசம் அடுத்து நடந்ததில் இருக்கிறது. மசோவியெட்ஸ்கி அந்தப் பயத்தைக் காட்டி யாரையும் சிறையில் போடவில்லை, பத்திரிகையை மூடவில்லை, பேச்சுவார்த்தை மேஜையில் இடம் கேட்டுப் போராடினார். 1990 நவம்பர் 14 அன்று ஒன்றிணைந்த ஜெர்மனி வார்சாவில் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கடைசி ரஷ்யச் சிப்பாய்கள் 1993 செப்டம்பரில் கிளம்பினார்கள். ஓடர் ஆற்றின் எல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறது.